படமாக நின்றவர்களின் பிள்ளைகள்

பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம் என்று ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதன் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பெண்மணியின் கல்லறை உண்டு. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துக்கொண்டு டார்வின், டெனிசன் போன்றவர்களின் முகங்களைப் படமெடுத்துப் புகைப்படக் கலையின் போக்கையே மாற்றியவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவைதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களும் நிற்கிறார்கள். சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கமராவை நேராகப் பார்க்கிறார்கள். எடுத்தவரின் பெயரை உலகம் அறியும். நின்றவர்களின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

மலையகத்தின் படக்கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கண்டி, நுவரெலியா தபால் அட்டைகளில் கூடை சுமந்த பெண் வந்தாள். லிப்டன் விளம்பரங்களில் வந்தாள். 1930களில் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை என்ற ஒன்று அமைந்து, உலகெங்கும் தேயிலையை விற்பதற்காகச் சுவரொட்டிகளும் திரைப்படமும் செய்வித்தது. பசில் ரைட் எடுத்து 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' அந்தச் சபையின் காசில் எடுக்கப்பட்டது. ஆவணப்பட வரலாற்றில் இன்றும் பாடமாக இருக்கும் படம் அது. வரைந்தவர்கள், அச்சுக்கு எழுத்து வடிவமைத்தவர்கள், படம் பிடித்தவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள், அந்தப் பயிற்சிக்கு உரிய ஊதியம் வாங்கியவர்கள். கலையும் வடிவமைப்பும் இந்த மலைகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவை அல்ல. 150 வருடமாக அவை எங்களைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தன. நாங்கள் படத்துக்குள் நின்றோம்.

அன்றைய பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் இதை விளங்க வைக்க முடியாது. 1907இலும் 1920இலும் வந்த கல்விச் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன. நிர்வாகம் அதை எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு குறைவாகச் செய்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. பத்துப் பன்னிரண்டு வயதானால், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஹட்டன் ஹைலன்ட்ஸ் போன்ற நகரத்துப் பாடசாலைகள் 1892 முதலே இருந்தாலும் லயம் என்ற வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளை அங்கே போய்ச் சேர்வது அபூர்வம். 1945இல் நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்த ஓட்டத்தில் சேரவில்லை. அடுத்த மூன்றாவது வருடத்தில் எங்கள் குடியுரிமையே பறிபோனது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, பிறகு 1970களின் பிற்பகுதியில் பள்ளிக்கூடங்களையும் எடுத்தபோதுதான் எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டின் கல்வித் திட்டத்துக்குள் வந்தார்கள். சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் வந்தது. ஆசிரியர்கள் எங்களுக்குள்ளிருந்தே உருவாகத் தொடங்கினார்கள்.

சித்திரம் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று இருந்த இடத்தில் வரையத் தெரிவதை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மாசி மாதம் மன்மதன் கதையான காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும் தோட்டத்தில் ஒரு தனி வேலை தொடங்கும். காமன் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, இரவில் மட்டையை வெட்டி முடி செய்யும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதைச் சுருக்கம் போக நகத்தால் நீவி, கோதுமை மாப்பசையில் ஒட்டி, கண்ணாடித் துண்டும் மணியும் பதித்து மன்மதனுக்குக் கிரீடம் எழும்பும். முகத்துக்கு அரிதாரம் பூசுவதில் ஓர் ஒழுங்கு இருக்கும். ரதிக்கு எந்த நிறம், எமதூதனுக்குப் புருவம் எவ்வளவு தடிப்பு, சிவன் தவத்திலிருந்து கண் விழிக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், இவையெல்லாம் மாஸ்டரின் தலைக்குள் இருக்கும். ஆடை வடிவமைப்பு, ஒப்பனை, மேடை, ஒளி என்று இன்று பல்கலைக்கழகங்களில் தனித்தனிப் பாடமாக இருப்பதை அந்த மனிதர் ஒருவரே, சம்பளம் இல்லாமல், பந்த வெளிச்சத்தில் செய்தார். தோட்டத்தில் அவருக்கு மரியாதை இருந்தது. வெளியே அவர் ஒரு 'லேபர்'. செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மலையகத்தில் எழுத்தாளர்கள் முன்பே வந்துவிட்டார்கள், ஓவியர்கள் ஏன் இவ்வளவு பிந்தினார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தார். அவருக்குப் பின்னால் கவிதையும் சிறுகதையும் நாவலுமாக ஒரு பெரிய வரிசையே உண்டு. என் எண்ணத்தில் காரணம் இடம்தான். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால், குப்பி லாம்பு வெளிச்சத்தில், மடியில் வைத்து எழுதிவிடலாம். ஓவியத்துக்குச் சுவர் வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும், நனைந்த தாளைக் காயவைக்க ஒரு மூலை வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு ஏழு பேர் படுத்தெழும்பினார்கள். அடுப்புப் புகை சுவரெல்லாம் ஏறியிருக்கும். அங்கே ஒரு ஓவியன் பிறந்திருந்தாலும் படத்தை எங்கே வைத்திருப்பான்?

வரையும் ஆசையோடு லயத்தை விட்டு வெளியேறியவர்கள் போர்ட் எழுதப் போனார்கள். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி டவுன்களில் கடைப் பெயர்ப்பலகை எழுதும் பாஸ்மாரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, தூரிகை கழுவிக் கழுவி எழுத்துப் பிடிக்கக் கற்றார்கள். கோயில் சுவரில் மாரியம்மன், மே தின ஊர்வலத்துக்குத் துணிப் பதாகை, தேருக்குப் பெயின்ட். இன்று ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டது. அதே டவுனில் அதே மாதிரிப் பையன்கள் இப்போது கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து கலியாண அழைப்பிதழும் தேர்தல் போஸ்டரும் செய்கிறார்கள். அவர்கள் விரல் வேகத்தைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். கேட்டால் "சும்மா பழகிக்கிட்டது சேர்" என்பார்கள்.

இனி இன்றைய கதை.

சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சித்திரம் ஒரு பாடம். நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அதை எடுத்து, வெட்டுப்புள்ளியும் செயன்முறைப் பரீட்சையும் தாண்டி, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். தமிழில் படிப்பதற்கு இரண்டு இடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து வளர்ந்த இடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் நான்கு வருடக் கற்கைநெறி. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். யுத்த காலத்தில் ஏ-9 பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் படிக்கப் பிள்ளையை அனுப்பத் துணிந்த தோட்டத்துத் தாய்மார் சிலர்தான். 2009க்குப் பிறகு ஹட்டனிலிருந்து கண்டி, தம்புள்ளை, வவுனியா என்று இரவு முழுக்க பஸ்ஸில் போய் விடிய இறங்கும் பிள்ளைகள் கூடினார்கள்.

அந்தப் பயணத்தில் விளைந்ததை நாடு பார்த்துவிட்டது. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் படித்தவர். தேயிலை வடியையும் தேயிலைக் கறையையும் ஊடகமாகக் கொண்டு தோட்டத்துப் பெண்ணின் உடம்பையும் உழைப்பையும் பேசியவர். அருள்ராஜ் உலகநாதன் மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்ப் படித்து, தோட்ட வாழ்வையே தன் படைப்பின் பொருளாக்கியவர். கொழும்புக் காட்சிக்கூடங்களில் இவர்களின் பெயர் படைத்தவரின் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. கெமரனின் படத்தில் பெயரின்றி நின்றவளின் கொள்ளுப்பேத்திக்கு இது நடந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த மாற்றத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

எனக்கு ஒரு மாணவி இருந்தாள். தேயிலை ஸ்டோரில் ஒதுக்கும் கழிவுத் தூளைக் கேட்டு வாங்கிவந்து கொதிக்க வைப்பாள். ஒருமுறை தோய்த்தால் வைக்கோல் நிறம், காய்ந்த பிறகு மறுபடி தோய்த்தால் செம்மண், நாலைந்து தரம் போனால் பழைய கதவின் நிறம். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறப்போட்டு அந்தத் தண்ணியைத் தேயிலைச் சாயத்தின் மேல் தொட்டால் அந்த இடம் கறுத்துவிடும். தேயிலையில் உள்ள தனினும் இரும்பும் சேர்ந்து மையாகிற இரசாயனம் அது. பழைய காலத்து எழுதுமை செய்ததும் இதே முறையில்தான். அந்தக் கறுப்பால் அவள் தன் அம்மாவின் விரல்களை வரைந்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல் நுனிகளுக்கு வேறு எந்தக் கறுப்பும் சரிவராது என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

பட்டம் முடிந்தது. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. பிறகு என்ன? இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். உயர்தரம் எடுத்து, பெறுபேறு வந்து, அனுமதி கிடைத்து, நாலு வருடம் படித்து வெளியே வரும்போது வயது 25, 26. வீட்டில் அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350. தம்பி தங்கை படிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் நியமனம் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வேலையில் சேர்ந்ததும் அடுத்த படியாக எல்லாரும் காட்டுவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. திறந்த பல்கலைக்கழகத்தில் வார இறுதியில் படிக்கலாம், தரம் உயரும், சம்பளம் ஏறும். அதன் பிறகு கல்வி முதுமாணி. கடைசியில் பார்த்தால் சித்திரத்தில் தொடங்கிய பிள்ளையின் இரண்டாவது பட்டம் கற்பித்தல் முறையியலில் இருக்கும். தூரிகை அலுமாரிக்குள் போயிருக்கும். இதில் அந்தப் பிள்ளைகளின் பிழை ஒன்றும் இல்லை. படி ஏறுவதற்கு அரசாங்கம் போட்டிருக்கும் ஏணி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

அன்று கைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே தடை இருந்தது. இன்று அதே தடை முதல் பட்டத்துக்கும் இரண்டாவது பட்டத்துக்கும் நடுவே வந்து நிற்கிறது. அதைத் தாண்டும் பாதைகள் இருக்கின்றன என்பதே எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தால்தானே?

உள்நாட்டில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது நமது தகைமைச் சட்டகம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். பாடநெறியால் மட்டும் முடியும் ஒரு வருட முதுமாணி ஒன்பதாம் மட்டம். ஆய்வோடு சேர்ந்த இரண்டு வருட முதுமாணி பத்தாம் மட்டம். முதுதத்துவமாணி பதினொன்று, கலாநிதி பன்னிரண்டு. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நிரந்தரமாகும் எண்ணம் இருந்தால் ஆய்வு இல்லாத ஒரு வருடப் பட்டத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே அது எந்த மட்டம் என்று கேட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் முதுதத்துவமாணியும் கலாநிதியும் ஆய்வுப் பட்டங்களாகச் செய்யலாம். கொழும்பில் 2005இல் தனிப் பல்கலைக்கழகமாகிய கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் பெரியது, பழமையான மரபு உடையது. ஆனால் அங்கே பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கிறது. மொறட்டுவையில் கட்டடக்கலைப் பீடத்தின் கீழ் வடிவமைப்புத் துறை ஆங்கிலத்தில். தனியார் வடிவமைப்பு நிறுவனங்கள் கொழும்பில் உண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு. கட்டணத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சொல்லக்கூட மனம் வராது.

இந்தியப் பாதையைப் பற்றி நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். அது புதுப் பாதையும் இல்லை. ஓவியர் மஞ்சுஸ்ரீ சாந்திநிகேதனுக்குப் போய்ப் படித்துவந்துதான் நம் நாட்டு விகாரைச் சுவரோவியங்களைப் பிரதியெடுக்கும் பெருவேலையைச் செய்தார். இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குத் தரும் புலமைப்பரிசில்களில் மௌலானா ஆசாத் திட்டம் முதுமாணிப் படிப்புக்கானது. படிப்புக் கட்டணத்தோடு மாதாந்தச் செலவுக்கும் பணம் உண்டு. விண்ணப்பம் கோருவது பத்திரிகையில் வரும், கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். கண்டியில் உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நிதியத்தின் வேலைகளும் அங்கிருந்துதான் நடக்கின்றன. உயர்தரத்திலும் முதல் பட்டத்திலும் அந்த நிதியத்தின் உதவியில் படித்த பிள்ளைகளுக்கு அந்த வாசற்படி தெரியும். மறுபடி ஏறத் தயங்க வேண்டாம்.

எங்கே போவது? பரோடாவின் நுண்கலைப் பீடம் 1950இல் தொடங்கியது. ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் அங்கே கற்பித்த காலத்தில் மாணவர்கள் பொம்மையும் துணியும் மண்பாண்டமும் செய்து சந்தை போட்டார்கள். கைவினையும் ஓவியமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்ற எண்ணம் அங்கே இன்னும் உண்டு. காமன் மாஸ்டரின் கிரீடத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு போகும் ஒருவருக்கு அது நல்ல இடம். சாந்திநிகேதனின் கலாபவனம் 1919இல் வந்தது. அங்கே திறந்த வெளியில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' என்ற சிலை நிற்கிறது. கணவனும் மனைவியும் பிள்ளையும் நாயுமாக, இருந்ததையெல்லாம் சுமந்துகொண்டு இடம்பெயரும் ஒரு கூலிக் குடும்பம். சீமெந்தும் செம்பூரான் கல்லும் கலந்து செய்தது. பைஜ் தானே ஏழை வீட்டில் பிறந்தவர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்துவந்த நம் பாட்டன் பாட்டியை அந்தச் சிலையில் பார்க்கலாம். 2023இல் மலையகம் 200 நினைவாக அதே வழியில் மறுபடி நடந்தவர்களும் அதைப் பார்க்க வேண்டும். உழைக்கும் சனத்தை எப்படிப் பெருமையோடு உருவாக்குவது என்ற பாடம் அங்கே வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

சென்னை, மொழியால் சுலபம். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற வைத்தியர் தொடங்கிய கலைக்கல்லூரி அங்கே இருக்கிறது, இந்தியாவின் மிகப் பழைய கலைக்கல்லூரி. சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய நம் உறவுகள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களைக் குடியேற்றுவதற்காகத் தமிழ்நாட்டில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள். இரண்டு கரையிலும் உள்ள லயங்களை ஒன்றாக வைத்து ஒரு முதுமாணி ஆய்வு செய்ய முடியும். இதுவரை அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.

வடிவமைப்பு என்றால் எங்கள் வீடுகளில் சேலையும் அழைப்பிதழும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது அதைவிடப் பெரியது. அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கக் காரணமாக இருந்த அறிக்கையை 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் எழுதினார்கள். அவர்கள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது இந்திய வீடுகளில் தண்ணீர் மொள்ளும் சொம்பு. எவ்வளவு பிடிக்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், தலையில் வைத்தால் பாரம் எங்கே விழும், எப்படி ஊற்றும் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

அதே கேள்விகளைக் கொழுந்துக் கூடையிடம் கேட்டுப் பாருங்கள். மூங்கிலிலும் பிரம்பிலும் பின்னிய பழைய கூடையின் கயிறு உச்சந்தலையில் கிடக்கும். மழையில் நனைந்த கொழுந்து அரைவாசி நிறைந்தாலே கழுத்து இழுக்கும். இடுப்பில் படங்கு, அதற்குள் வேர்வை. ஆனாலும் அந்தக் கூடையின் பின்னலுக்குள் காற்றுப் போகும். கொழுந்து சூடேறாது, கசங்காது, ஸ்டோருக்குப் போகும் வரை உயிரோடு இருக்கும். இன்று பல தோட்டங்களில் நைலோன் பையும் சாக்கும் வந்துவிட்டன. பாரம் கொஞ்சம் குறைவு, ஆனால் கொழுந்து வேகும். பல இடங்களில் ஒரு நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கேட்கிறார்கள். 150 வருடத் தொழிலில் பெண்களின் கழுத்தை மனதில் வைத்து ஒரு கூடையை யாரும் வடிவமைக்கவில்லையே என்ற கோபம் எனக்கு உண்டு. செய்வதற்கு ஆள் இருந்தது, காசும் இருந்தது. தேயிலைப் பெட்டிக்கும் லேபலுக்கும் அந்தக் காசு போனது. இந்தக் கூடை ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதுமான பொருள். அதைச் செய்ய வேண்டியவள், சின்ன வயதில் அம்மாவின் தலையில் அந்தக் கயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்தவளாக இருக்க வேண்டும். லயத்து வீட்டின் அடுப்பு, புதுத் தனிவீடுகளின் குசினி, பிள்ளைக் காம்பராவின் தொட்டில் எல்லாமே அப்படித்தான் காத்திருக்கின்றன.

ஏன் இரண்டாவது பட்டம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஓவியர் தா. சனாதனனைப் பாருங்கள். டெல்லி கலைக் கல்லூரியில் படித்து, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தவர். யுத்தத்தில் வீடிழந்தவர்களின் நினைவிலிருந்து அவர்களின் வீட்டு வரைபடங்களைத் திரட்டி 2011இல் அவர் செய்த தோம்பு நூலை உலகம் பார்த்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவரும் அவரோடு இருந்தவர்களும் கற்பித்த வகுப்பறையில் இருந்து ஒரு தலைமுறை வந்தது என்பது. ஹட்டனில் இருந்து போன பிள்ளை தன் லயத்தையே வரையலாம் என்ற துணிவு அப்படியான வகுப்பறைகளில்தான் கிடைத்தது. ஒருவர் மேலே படித்துவிட்டுத் திரும்பினால் இத்தனை நடக்கும். மலையகத்துக் கலைவரலாற்றை எழுதவும், காமன் கூத்து ஒப்பனையைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு பீடக் கூட்டத்தில் பேசவும், எங்களில் ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு முதல் பட்டம் போதாது.

ஆயத்தம் பற்றி ஒரு சில வார்த்தை. முதுமாணி விண்ணப்பத்துக்குப் பெறுபேற்றுத் தாளைவிட முக்கியமானது படைப்புத் தொகுப்பு. நல்ல பகல் வெளிச்சத்தில், நேராக, கோணாமல் எடுத்த பதினைந்து இருபது படங்கள் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊடகம், அளவு, வருடம். மலைநாட்டு ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே வரைந்த கிழமையே படமெடுத்துவிடுங்கள். பிறகு எதற்காக மேலே படிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதக் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். தோட்டப் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லாமல் வளர்ந்த பிள்ளை நாலு வருடமும் தமிழில் படித்திருக்கிறாள். முதலில் தமிழில் எழுதுங்கள், உங்கள் சொல்லில், உங்கள் தோட்டத்தின் பெயரோடு. அதை ஆங்கிலமாக்க உதவ ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

தேயிலைச் சாயத்தில் வரைந்த அந்த மாணவிக்கு இப்போது நியமனம் கிடைத்திருக்கிறது, மஸ்கெலியாப் பக்கம் ஒரு பாடசாலை. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கும் பதிந்திருக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது பரோடா பற்றிக் கேட்டாள். வேலையை விட்டுவிட்டுப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. லீவு எடுக்க வழியுண்டா என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் எழுத்தில் கேட்கச் சொன்னேன், தொகுப்பை இப்போதே செய்யத் தொடங்கச் சொன்னேன். அவளுடைய அம்மாவோடும் பேசினேன். "ரெண்டு வருசந்தானே சேர்? நான் இன்னும் மலைக்குப் போவேன்" என்றார். அந்த அம்மா இன்னும் இரண்டு வருடம் மலைக்குப் போகாமலே அந்தப் பிள்ளை படிக்கக்கூடிய ஒரு ஏற்பாட்டை நாம் செய்ய வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கத் தெரிந்த தோட்டங்கள் இவை. வெளிநாடுகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், கொழும்பில் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தொழிற்சங்கங்கள் மாதாமாதம் சந்தா பிடிக்கின்றன. வருடத்துக்கு ஒரு பிள்ளை, இரண்டு வருடம், வீட்டுக்கு ஒரு மாதாந்தத் தொகை. புலமைப்பரிசில் படிக்கிறவரின் செலவைத்தான் பார்க்கும், வீட்டு அடுப்பைப் பார்க்காது. அந்த அடுப்புக்கு யார் பொறுப்பு என்பதை நாங்கள் கூடி ஒரு முறை பேசி முடிவெடுத்தால், அடுத்த விண்ணப்ப காலத்துக்கு முன் முதல் பெயரை நான் தருகிறேன்.